நெருக்கம் என்றொரு துணைச்செயலி

ஆயுத பூஜையன்று மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுப் படுத்த பரிதி, நாலு மணிக்கு எழுந்து அடுக்களைக்கு வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தன் மனைவியிடம், "நீங்க காபி குடிச்சிட்டீங்களா?" என்று கேட்டான்.

நறுமுகை முதலில் கிண்டல் என்றுதான் நினைத்தாள். கல்யாணமாகி இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவன் அவளை 'நீங்க' என்று விளித்ததே இல்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே 'நீ என்ன படிச்சிருக்கே' என்று கேட்டு அவள் அப்பாவிடம் முறைப்பு வாங்கியவன்.

"கொழுப்பா?" என்றாள்.

"இல்லையே. எனக்குப் போடப் போறேன். உங்களுக்கும் சேர்த்துப் போடவான்னு கேட்டேன்."

அவள் திரும்பி அவன் கண்களைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். லிஃப்டில் கூட வரும் மனிதரைப் பார்த்து ஒதுங்கி இடம் விடுவோமே, அந்தப் பார்வை. விபத்துக்குப் பிறகு, அவன் பேச்சு சரியாகத் திரும்பாத எட்டு மாதமும் அதோடு குடித்தனம் நடத்தியவள் அவள்.

மூன்று வருடங்களுக்கு முன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு தண்ணீர் லாரி பரிதியின் வண்டியைத் தூக்கி எறிந்தது. உயிர் பிழைத்தான். வலது காதுக்கு மேலே நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு வைத்தார்கள். அதில் ஓடுவது ஒரு ஹோஸ்ட் செயலி. மூச்சு, நடை, பேச்சு மூன்றையும் அதுதான் தாங்கிப் பிடிக்கிறது. ருசி, இசை, நெருக்கம் முதலானவை அதோடு தனித்தனியாகச் சேரும் துணைச்செயலிகள். பரிதிக்கு நெருக்கத்தைச் சேர்த்தது எட்டு மாதம் கழித்துத்தான். ஆள் ஆழ்ந்து தூங்கி எழும் ஒவ்வொரு முறையும் ஹோஸ்டும் புதிதாக எழுந்து, சிறுசேரியில் இருக்கும் பதிவகத்தை விசாரிக்கும்: இவருக்கு என்னென்ன பதிவாகியிருக்கிறது? பதிவகம் பட்டியல் கொடுக்கும். ஹோஸ்ட் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளும். கண் திறப்பதற்குள் முடிந்துவிடும் சங்கதி.

இதையெல்லாம் எழுதிய கூட்டத்துக்குத் தலைவியே நறுமுகைதான். எழுதியது ஜாவா என்ற கணினி மொழியில். ஜாவா செத்துவிட்டது என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் செத்துவிட்டார்கள்; ஜாவா அப்படியேதான் இருந்தது.

எது கட்டாயம், எது விருப்பம் என்று பிரித்ததும் அவள்தான். நெருக்கத்தை விருப்பத்தில் போடலாமா என்று கமிட்டியில் ஒரு டாக்டர் இழுத்தபோது, "கட்டாயம்னு போட்டுட்டு அது கிடைக்கலேன்னா ஹோஸ்ட் எழவே எழாது டாக்டர். மூச்சு நின்னுடும். நெருக்கம் இல்லேன்னா மனுஷன் செத்தா போயிடுவான்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நெருக்கம் விருப்பத்துக்குப் போயிற்று.

அப்படிப்பட்ட பதிவகத்துக்குத்தான் அன்று காலை பத்து மணிக்குச் சந்தனம் வைத்தார்கள். வருடா வருடம் நடப்பதுதான். ஆயுத பூஜையன்று கருவிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று, பதிவகம் ஓடும் பெரிய மெஷினைப் பத்திலிருந்து ஐந்து வரை அணைத்து வைப்பார்கள். பக்கத்தில் இருக்கும் மாற்று மெஷின் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். இந்த வருடம் மாற்று மெஷின் புதிது. புது மெஷினைப் பூஜைக்கு வைக்காமல் வேலை வாங்குவது நல்லதில்லை என்று அலுவலகத்தில் முணுமுணுப்பு. மேலாளர் வரதன் நறுமுகையைப் பார்த்தார்.

"ரெண்டையும் அணைச்சா ஏதாவது ஆகுமாம்மா?"

"ஒண்ணும் ஆகாது சார். கட்டாயமானதெல்லாம் சில்லுலயே இருக்கு. விருப்பத்துல இருக்கிறது கிடைக்கலேன்னா, ஹோஸ்ட் சத்தம் போடாம அது இல்லாமயே ஓடும். அப்படித்தானே எழுதியிருக்கோம்."

சொல்லிவிட்டு, புது மெஷினுக்குக் குங்குமமும் அவளே வைத்தாள்.

மறுநாள் காலை, பதிவகத்தின் நடப்புக் குறிப்பான லாக்கைத் திறந்து பார்த்தாள். பத்துக்கும் ஐந்துக்கும் நடுவே தூங்கி எழுந்தவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை, பண்டிகைச் சாப்பாடு, அப்புறம் ஒரு தூக்கம். நம் ஊரில் இதைவிட இயற்கையான காரியம் எதுவும் கிடையாது. இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் ருசி, இசையோடு நெருக்கமும் கழன்று விழுந்திருந்தது. லாக்கில் பிழை என்று ஒரு சிவப்பு வரிகூட இல்லை.

"அஞ்சு மணிக்குப் பதிவகம் வந்துடுச்சே. இன்னொரு தடவை தூங்கி எழுந்தா தானா சேர்த்துக்காதா?" என்று வரதன் கேட்டார்.

"சேர்த்துக்காது சார். விருப்பமானது ஒரு தடவை கிடைக்கலேன்னா, அவரே விலக்கிட்டதா ஹோஸ்ட் எழுதிக்கும். இல்லாததைத் தேடிக்கிட்டே இருந்தா ஆளுக்குத் தலைவலி வருது, முதல் வருஷம் பார்த்தோமே. திரும்பச் சேர்க்கணும்னா அவங்க வாயால சம்மதம் சொல்லணும்."

"சொல்லட்டும்."

"ருசியும் இசையும் போனா அவங்களே கேட்டு வாங்கிப்பாங்க. நெருக்கமே இல்லாதவங்களுக்கு நெருக்கம் எதுக்கு சார் வேணும்? யாருக்காகக் கேப்பாங்க?"

வரதன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கம்பெனிக்கு என்ன ஆகும் என்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்கத் தெரியாத மனிதர்.

"செயலி சொன்னபடி நடந்திருக்கா?"

"நடந்திருக்கு."

"அப்ப பிழை இல்லை. பிழை இல்லேன்னா நாம யாருக்கும் கடுதாசி போட வேண்டியதில்லை. விலக்கினவங்க தரவை எத்தனை நாள் வச்சிருப்போம்?"

"பதினஞ்சு நாள். அப்புறம் அழிஞ்சிடும். யார் மேல எவ்வளவு ஒட்டுதல்னு வருஷக்கணக்காப் பழகிச் சேர்ந்த தரவு சார். போனா திரும்ப வராது."

"பதினஞ்சு நாள் இருக்குல்ல," என்றார் வரதன்.

சம்மதத்தைச் சும்மா வாங்கிவிட முடியாது. அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆரம்பத்தில் ஒரு குடும்பத்தார் தங்கள் பெரியவருக்குப் பணிவு என்றொரு துணைச்செயலியைச் சேர்த்து, வீட்டை எழுதி வாங்கினார்கள். அதைக் கேள்விப்பட்டு நறுமுகை மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகுதான் சம்மதத் திரையில் ஒரு வரியைத் தன் கையால் சேர்த்தாள்: 'யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதை நான் விரும்புகிறேன்.' ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். அந்த வரியை யாரும் தாண்டக் கூடாது என்பதற்காக, ஆள் பொய் சொல்கிறானா என்பதையும் சில்லே பார்த்துக்கொள்ளும்படி செய்தாள். நல்ல காரியம்தான். அதற்காக அவளுக்கு ஒரு விருதுகூடக் கொடுத்தார்கள்.

வாரம் திரும்புவதற்குள் தொலைபேசி அழைப்புகள் வர ஆரம்பித்தன. என்ன சொல்வது என்று தெரியாமல், போன் எடுக்கும் பையன்கள் எல்லாவற்றையும் நறுமுகை பக்கம் தள்ளினார்கள். வேடசந்தூரிலிருந்து சுகன்யா என்ற அம்மாள் தினமும் பேசினாள். மகன் அஜய்க்கு இருபத்திரண்டு வயது, மரத்திலிருந்து விழுந்து சில்லு வைத்தவன்.

"அம்மான்னுதான் மேடம் கூப்பிடுறான். அதுல ஒரு குறையும் இல்ல. ரேஷன் கடைக்காரரை அண்ணேன்னு கூப்பிடுவோம்ல, அந்தக் கணக்கா இருக்கு. சோறு போட்டா நன்றிங்கிறான். எங்க வீட்டுல யாரும் யாருக்கும் நன்றி சொன்னதே இல்ல மேடம்."

"உங்க பையனோட சாதனம் சரியா வேலை செய்யுதும்மா," என்றாள் நறுமுகை. வரதன் எழுதிக் கொடுத்திருந்த வாசகம் அது. "அவர் விரும்பினா மறுபடி சேர்த்துக்கலாம். நீங்க எடுத்துச் சொல்லிப் பாருங்க."

"சொல்லிட்டேன் மேடம். எதுக்குங்கிறான். எனக்குச் சொல்லத் தெரியலையே, எதுக்குன்னு."

நறுமுகைக்கும் சொல்லத் தெரியவில்லை. அவள் அதைத்தான் ஒவ்வொரு நாளும் வீட்டில் முயன்றுகொண்டிருந்தாள்.

பரிதி ஒன்றும் கொடுமைக்காரனாக மாறிவிடவில்லை. அப்படி மாறியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். காலையில் எழுந்து பால் வாங்கினான். மகள் வெண்பாவுக்குத் தலை பின்னினான். குளிக்கப் போகும் முன், "நீங்க முதல்ல போகணுமா?" என்று கேட்டான். படுக்கையில் ஓரமாக, அவள் மேல் கை பட்டுவிடாமல் ஒடுங்கிப் படுத்தான். வீட்டில் நல்ல வாடகைக்காரர் ஒருவர் இருப்பதுபோல இருந்தது.

"நெருக்கம் சேர்த்த பிறகு ரெண்டு வருஷத்துக்கு மேல நீ எப்படி இருந்தேன்னு ஞாபகம் இருக்கா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"எல்லாம் ஞாபகம் இருக்கு. நீங்க பத்து நிமிஷம் லேட்டா வந்தா எனக்கு நெஞ்சு அடைக்கும். வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துக்கிட்டே இருப்பேன். பாப்பாவுக்குக் காய்ச்சல்னா எனக்குச் சோறு இறங்காது. இப்ப அதெல்லாம் இல்ல. நல்லாத் தூங்குறேன், நறுமுகை. முதல் தடவை சம்மதம் கேட்டப்ப எனக்கு ரெண்டு பக்கமும் தெரியாது. எதைக் கேட்டாலும் சரின்னு சொல்ற நிலைமையில இருந்தேன். இப்ப ரெண்டையும் பார்த்துட்டேன். இதுதான் நல்லாயிருக்கு."

அவன் யோசித்து, மரியாதையாக, அவளைப் புண்படுத்தும் எண்ணம் துளியும் இல்லாமல் சொன்னான். அவளுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

பத்தாம் நாள் வெண்பா சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தாள். ஏழு வயது, அப்பாவைத் தவிர யாரையும் மருந்து போட விட மாட்டாள். பரிதி காயத்தைக் கழுவி, மருந்து தடவி, துணியைச் சுருக்கமில்லாமல் கட்டினான். கட்டி முடித்ததும் அவள் அவன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவன் இரண்டு கைகளையும் விலக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பஸ் வரட்டும் என்று காத்திருப்பவன் முகம். ஒரு நிமிஷம் ஆனதும், "முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

வெண்பா எழுந்து அம்மாவிடம் போனாள். "அப்பா டாக்டர் மாதிரி ஆயிட்டாரும்மா," என்றாள். அதன் பிறகு அவள் அவனிடம் தலை பின்னிக்கொள்ளப் போகவில்லை. அவன் ஏன் என்று கேட்கவும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் நறுமுகை சம்மதத் திரையைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். கெஞ்சினாள் என்று சொல்வதுதான் சரி. காலைப் பிடிக்கவில்லை, அது ஒன்றுதான் பாக்கி.

"உங்களுக்கு அவ்வளவு முக்கியம்னா சரி, போட்டுடறேன்," என்று பரிதி போனை வாங்கினான். வரியைப் படித்தான். நிமிர்ந்தான்.

"வற்புறுத்தல் இல்லாமல்னு இருக்கே. நீங்க பத்து நாளா அழுதுக்கிட்டிருக்கீங்க. அது வற்புறுத்தல்தானே?"

"ஆம்னு போட்டுடேன் பரிதி."

"பொய்யாப் போடச் சொல்றீங்களா? சில்லு கண்டுபிடிச்சுடுமே. நீங்கதானே அப்படிச் செஞ்சீங்க?"

கிண்டல் இல்லை. சந்தேகம் கேட்டான், அவ்வளவுதான். பிறகு 'இல்லை' என்பதைத் தொட்டுவிட்டு, போனை மேஜையில் நேராக வைத்தான்.

பதினான்காம் நாளும் ஞாயிற்றுக்கிழமைதான். சாப்பிட்டுவிட்டுப் பரிதி படுத்தான். நறுமுகை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பதிவகத்தில் அவன் பக்கத்தைத் திறந்தாள். நெருக்கம் என்ற வரிக்கு நேரே 'விருப்பம்' என்று இருந்தது. அதை அழித்துவிட்டு 'கட்டாயம்' என்று போட்டால் போதும். கட்டாயமானதற்குச் சம்மதத் திரை கிடையாது. யாரையும் கேட்க வேண்டாம்.

அதற்கு விலை என்ன என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இனி அந்தத் துணைச்செயலி ஒரு முறை ஏறாவிட்டாலும் ஹோஸ்ட் எழாது, ஹோஸ்ட் எழாவிட்டால் மூச்சு இல்லை. அதற்காக அதை முழுவதுமாகச் சில்லுக்கே இறக்கினாள். மூன்று தடவை சரிபார்த்தாள். 'அவனுக்காகத்தான்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். 'வெண்பாவுக்காகவும்' என்று சேர்த்துக்கொண்டாள். தன் பெயரை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. பிறகு அந்த ஒரு சொல்லை மாற்றினாள்.

நாலு மணி வரை அவன் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு சமயம் மூச்சு நின்றது. அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஆறு எண்ணியபோது கண்ணைத் திறந்தான்.

"நறு," என்றான்.

அவள் அழுதாள். அவனும் அழுதான். அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு இளைச்சுட்டே," என்றான். வெண்பா கதவருகே வந்து நின்று ஒரு கணம் யோசித்துவிட்டு, பாய்ந்து வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் அவள் முழங்கால் காயத்தை முத்தமிட்டான். ஒரு மணி நேரம் அந்த வீட்டில் மூன்று பேரும் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக எதையும் செய்யலாம் என்று நறுமுகை நினைத்தாள்.

வெண்பா கீழே விளையாடப் போனதும் பரிதி கேட்டான்.

"நான் வேண்டாம்னு சொன்னேன்ல, நறு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்லாம் ஞாபகம் இருக்கு. ஏன் வேண்டாம்னு சொன்னேன்கிறதும் இருக்கு. அந்தக் காரணம் இப்பவும் சரியாத்தான் இருக்கு. உன் முகத்தைப் பார்த்தா அது ஒரு காரணமாவே தோண மாட்டேங்குது."

"கோபமா?"

"வரணும்ல? வாய்ல சொல்லிப் பார்த்துட்டேன், நெஞ்சுல வரல. என்னை ஒருத்தி இப்படிச் செஞ்சிருக்கான்னு தெரியுது. அந்த ஒருத்தி பசியோட இருக்காளேன்னுதான் கவலையா இருக்கு." அவன் எழுந்து, அவளுக்குத் தோசை வார்த்துக்கொண்டே கேட்டான். "இதை மறுபடி விருப்பத்துக்கு மாத்த முடியுமா? மாத்திட்டு என்னை ஒரு வார்த்தை கேளு. நான் சரின்னுகூடச் சொல்லலாம். ஆனா கேட்கணும்ல?"

மாற்ற முடியும். ஒரே ஒரு சொல். ஆனால் மாற்றிவிட்டுக் கேட்டால் அவன் என்ன சொல்வான் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தைரியமும் இல்லை.

"முடியாது," என்றாள். "இனிமே எடுத்தா நீ எழுந்திருக்க மாட்டே."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தவனுக்கு அவள் பொய் சொன்னால் தெரியாதா.

"சரி," என்றான். "இன்னொரு தோசை போடவா?"

மறுநாள் திங்கட்கிழமை. அதோடு பதினைந்து நாள் முடிகிறது. மாலை ஆறு மணிக்குத் தரவு அழிந்துவிடும். காலையில் வரதன் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நேத்து உங்க பேர்ல ஒரு மாற்றம் பதிவாகியிருக்கு."

"எங்க வீட்டுக்காரர் சார்."

"ஒருத்தருக்குன்னா அது வீட்டு விஷயம். நான் பார்க்கல. மத்த இருநூத்துப் பதிமூணு பேருக்கும் செஞ்சா கேஸ். உங்களுக்கும் வேலை போகும், எனக்கும் போகும். ஆறு மணி ஆனா எல்லாம் முடிஞ்சுடும், பேசாம இருங்க."

அவள் பேசாமல் இருந்தாள். மாலை ஐந்தரைக்குச் சுகன்யா அழைத்தாள். வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினாள்.

"இன்னைக்கோட கடைசின்னாங்க மேடம். ஏதாச்சும் வழி இருக்கா?"

நறுமுகையின் முன்னால் அஜய்யின் பக்கம் திறந்தே இருந்தது. காலையிலிருந்தே திறந்து வைத்திருந்தாள்.

"விதிப்படி அவரேதான் சம்மதம் சொல்லணும்மா."

"உங்க வீட்டுல இப்படி ஆகியிருந்தா நீங்க என்ன மேடம் பண்ணுவீங்க?"

"நானும் விதிப்படிதான் போவேன்மா," என்றாள் நறுமுகை. குரல் நடுங்கவே இல்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சரி மேடம். இத்தனை நாளும் எரிஞ்சு விழாமப் பேசினீங்க. நல்லாயிருப்பீங்க."

ஆறு மணிக்கு அஜய்யின் பக்கத்தில் நெருக்கம் என்ற வரியே இல்லாமல் போயிற்று. இருநூற்றுப் பதின்மூன்று பேருக்கும் அப்படித்தான். லாக்கில் எல்லாம் பச்சை.

வீட்டுக்குப் போனதும் பரிதி வாசலிலேயே நின்றிருந்தான். அவள் பத்து நிமிஷம் தாமதம். அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. அவளைப் பார்த்ததும் பையை வாங்கிக்கொண்டு தண்ணீர் கொடுத்தான். அவளால் அடக்க முடியவில்லை. சுகன்யாவைப் பற்றியும், தினமும் வந்த அழைப்பைப் பற்றியும், தான் சொன்ன கடைசிப் பொய்யைப் பற்றியும் எல்லாம் கொட்டினாள். தனக்கு ஒரு நியாயம், அந்தத் தாய்க்கு ஒரு நியாயம் என்று செய்துவிட்டேனே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். பரிதி அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அந்தப் பையனுக்கு நீ எதையும் மாத்தலியே?"

"இல்ல. ஒரு சொல்தான். மாத்தியிருக்கலாம். பயந்துட்டேன்."

பரிதி நீளமாக மூச்சு விட்டான். அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"அழாதே நறு," என்றான். "அவனாவது தப்பிச்சானே."